உப்பிய பேட்டரி போனை பழைய இரும்புக்காரரிடம் போடலாமா?

கேள்வி: வீட்டில் பழைய போன் மூன்று, ஓடாத லேப்டாப் ஒன்று, சார்ஜ் நிற்காத இயர்பட்ஸ் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஒரு போனில் பேட்டரி உப்பி, பின்மூடியே தூக்கிக்கொண்டிருக்கிறது. பழைய இரும்புக்காரர் மொத்தமாக 600 ரூபாய் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: கொடுக்காதீர்கள். அந்த மனிதர்மேல் குற்றமில்லை. அவர் கையைவிட்டுப் போனபின் நடப்பதுதான் கொடுமை. இப்படிச் சேரும் சரக்கு பல கை மாறி டெல்லி சீலம்பூர், உத்தரப் பிரதேசத்து மொரதாபாத் போன்ற இடங்களில் குவிகிறது. அங்கே வெறுங்கையால் உடைக்கிறார்கள். தங்கத்துக்காக சர்க்யூட் போர்டுகளை அமிலத்தில் போடுகிறார்கள், செம்புக்காக வயரை எரிக்கிறார்கள். மொரதாபாத்தில் எரித்த கரிச்சாம்பல் ராம்கங்கா ஆற்றங்கரையில் கொட்டிக் கிடந்தது. அந்தச் சாம்பலில் ஈயம் உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

இரும்புக்காரரைவிட நான் அதிகம் பயப்படுவது, அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வீடு தேடி வருகிறவர்களுக்கு. ‘மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவான சேகரிப்பு முகவர்’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். நம்பாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு நான்கு பேருக்குத்தான்: பொருளைச் செய்பவர், தன் பெயரில் விற்பவர், பழுதுநீக்கிப் புதுப்பிப்பவர், மறுசுழற்சி ஆலை. சேகரிப்பவர் என்று தனிப் பதிவே கிடையாது. எந்த ஆலைக்குக் கொண்டுபோகிறார் என்று கேளுங்கள். அந்தப் பெயர் வாரியத்தின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நல்ல போர்டை உருவிக்கொண்டு மிச்சத்தை இரும்புக்கடையிலேயே தள்ளுகிறவர்கள் இவர்களில் உண்டு.

சட்டத்திலும் ஓட்டை உண்டு. மறுசுழற்சி ஆலைகள் கம்பெனிகளுக்கு விற்கும் சான்றிதழுக்குக் கணக்கில் வருவது தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு மட்டும். ஈயத்தையும் பாதரசத்தையும் பத்திரமாகப் பிரித்தெடுத்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை! 2022இல் உலகம் போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாக மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம். இந்தக் குப்பையைப் போட ஊருக்கு ஊர் ஒரு பெட்டி வைத்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதவே வேண்டியிருந்திருக்காது.

உப்பாத போன்களையும் லேப்டாப்பையும் அந்தந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். உயிரோடு இருக்கும் போனில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். கணக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் போன் பூட்டிக்கொள்ளும். வேறொருவர் பயன்படுத்த முடியாமல் உடைக்கத்தான் போகும்.

உப்பிய போன் மட்டும் தனி. சார்ஜ் போடாதீர்கள், ஆன் செய்து பார்க்காதீர்கள். மூடியை அமுக்கி ஒட்டாதீர்கள், பேட்டரியை நெம்பாதீர்கள், காற்று இறங்கட்டும் என்று ஊசியால் குத்தவே குத்தாதீர்கள், குத்தினால் தீப்பிடிக்கும். தகர டப்பாவில் காய்ந்த மணல் போட்டுப் போனை அதற்குள் வைத்து, மூடியை இறுக்காமல், வெயிலும் அடுப்பும் படாத இடத்தில் வையுங்கள். கூரியரில் அனுப்பக்கூடாது. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து ‘பேட்டரி உப்பியிருக்கிறது, வாங்கிக்கொள்வீர்களா’ என்று கேட்டுவிட்டு, டப்பாவோடு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். இயர்பட்ஸைப் பிரிக்க முயலாமல் முழுசாக, லேப்டாப்போடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.