சித்தப்பாவை ‘உப்பு’ என்று எழுதலாமா?

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “என் சித்தப்பா, மதகு ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கர் வேலையிலிருந்து இந்த மாதம் ரிட்டையர் ஆகிறார். சிங்கப்பூரில் வளரும் பேரப்பிள்ளைகளும் படிக்கட்டும் என்று வாழ்த்து மடலை இங்கிலீஷில் அடிக்கிறோம். ‘ஹீ இஸ் எ சால்ட் ஆஃப் எர்த்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா? மண்ணில் உப்பு ஏறினால் நெல்லே வராது, அதைப் போய் மனுஷனுக்குச் சொல்வார்களா என்கிறார் அம்மா.”

தாராளமாகச் சொல்லலாம். கடல்தண்ணீர் ஏறிய வயலைப் பார்த்தவர் அப்படித்தான் கேட்பார். ஆனால் இது வயலில் பூக்கும் உப்பு இல்லை, அகஸ்தியம்பள்ளி உப்பளத்திலிருந்து உங்கள் அடுப்படி ஜாடிக்கு வருகிற உப்பு. மத்தேயு 5:13-இல், மலைப் பிரசங்கத்தில் வரும் சொல். தமிழ் பைபிளில் ‘நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்’ என்று இருக்கும். எர்த் என்றால் இங்கே மண் இல்லை, உலகம். குழம்பில் உப்பு கண்ணுக்குத் தெரியாது. இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாது. பகட்டில்லாத, நேர்மையான, நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்கக்கூடிய ஆளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நாம் ‘தங்கமான மனுஷன்’ என்போமே, கிட்டத்தட்ட அது. வெள்ளந்தி என்று பொருள் இல்லை.

உங்கள் வரியில் ‘எ’ வேண்டாம். இரண்டு இடத்திலும் ‘தி’ வர வேண்டும்: ‘ஹீ இஸ் தி சால்ட் ஆஃப் தி எர்த்.’ பல பேரைச் சொன்னாலும் சால்ட்தான், சால்ட்ஸ் ஆகாது.

‘ஆஃப்’ விட்டுப்போகாமல் அச்சுக்குப் போகும் முன் ஒரு தரம் பாருங்கள். ‘சால்ட் தி எர்த்’ என்றால் பகைவன் நிலத்தில் ஒன்றும் முளைக்காதபடி உப்பைத் தூவி நாசமாக்குவது. அம்மா பயந்தது அதைத்தான்!

‘வொர்த் ஹிஸ் சால்ட்’ என்பதையும் சிலர் இதோடு குழப்புகிறார்கள். அது வாங்குகிற சம்பளத்துக்குத் தகுந்த வேலைக்காரர் என்பது; திறமையைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது.

அப்புறம் ஒன்று. மேலதிகாரி வாயால் இந்தச் சொல் வரும்போது, ‘பாவம், நல்ல மனுஷன்’ என்று மேலிருந்து தட்டிக்கொடுப்பது போல ஒலிக்கக்கூடும். வீட்டுப் பிள்ளை நீங்கள் எழுதுவதால் அந்தக் குறை வராது. இருந்தாலும் அந்த வரியைத் தனியாக நிற்க விடாதீர்கள். கடிதத்தின் கடைசியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: கார்த்திகை அடைமழையில், யாரும் கூப்பிடும் முன்னே, ராத்திரி ஒரு மணிக்கு டார்ச்சும் ஷட்டர் சாவியுமாக மதகுக்குக் கிளம்பிவிடுவார் என்று. பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவைக் கண்முன் நிறுத்துவது அதுதான். அதை முதலில் எழுதுங்கள்; உப்பு அடுத்த வரியில் வரட்டும்.