முதல் பந்தயத்துக்கு எந்த வண்டி, எந்த வகுப்பு?

தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டத் தொடங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 24. ஆறு ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். இப்போது கே.டி.எம். ஆர்.சி. 390 வைத்திருக்கிறேன், வங்கிக் கடன் இன்னும் பதினான்கு மாதம் பாக்கி இருக்கிறது. அடுத்த பருவத்தில் கோவை அருகே செட்டிபாளையம் தடத்திலோ சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை தடத்திலோ பந்தயத்தில் இறங்க ஆசை. நண்பர்கள் 390 போதும் என்கிறார்கள். என் மெக்கானிக் மட்டும் பழைய யமஹா ஆர்15 ஒன்றை வாங்கச் சொல்கிறார். பெரிய வண்டியை விட்டுச் சின்ன வண்டிக்குப் போக மனம் ஒப்பவில்லை.
– ஈரோடு வாசகர்

பதில்: உங்கள் மெக்கானிக் சொல்வதுதான் சரி. அவர் காரணம் சொல்லாமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது. அதை நான் சொல்கிறேன்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். சாலை வண்டிக்கு நாம் எடுக்கும் காப்பீட்டுப் பத்திரத்தில், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தினால் இழப்பீடு கிடையாது என்ற வரி இருக்கும். நம்மில் பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. எனவே கடன் தீராத வண்டியைத் தடத்தில் கீழே போட்டால், நிமிர்த்த முடியாத வண்டிக்கு மாதா மாதம் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். முதல் பருவத்தில் ஒருமுறையாவது விழாதவரை நான் பார்த்ததில்லை. வலப்புற வளைவு ஒன்றில் முன்சக்கரம் வழுக்கி, அதிக வேகமில்லாமல் சாய்ந்த வண்டி ஒன்றைப் பிட்டுக்கு, அதாவது வண்டிகளைப் பழுது பார்க்கும் இடத்துக்கு, தூக்கி வந்தபோது அருகில் நின்று பார்த்தேன். பிரேக் லீவர் பாதியில் முறிந்திருந்தது, ஃபுட்ரெஸ்ட் உட்புறமாக மடங்கியிருந்தது, கிளட்ச் மூடியின் அலுமினியம் தார்ச்சாலையில் தேய்ந்து காகிதம் போல் மெலிந்து, அதிலிருந்த சிறு ஓட்டை வழியே ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டியவருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் அன்றைய பந்தயம் அவருக்கு அதோடு முடிந்தது. ஆர்15 என்றால் இந்தச் சாமான்களெல்லாம் ஈரோட்டிலேயே பழையதும் புதியதுமாகக் கிடைக்கும். 390-க்கு விலையும் கூடுதல், காத்திருப்பும் கூடுதல்.

அடுத்தது ஓட்டும் முறை. உடை, ஹெல்மெட்டோடு உங்கள் எடை 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆர்15 நான்காம் பதிப்பின் எடை 142 கிலோ, திறன் 18.4 குதிரைசக்தி, ஆக உங்களையும் சேர்த்து ஒரு குதிரைக்குச் சுமார் 11.8 கிலோ. ஆர்.சி. 390-இல் 172 கிலோவுக்கு 43.5 குதிரை, ஒரு குதிரைக்கு 5.7 கிலோ. இந்த இரட்டிப்பு பலம் புதியவரின் தவற்றை மறைத்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். வளைவுக்குள் தவறான கோட்டில் நுழைந்து, பயந்து, வேகத்தைக் கொன்றாலும், வெளியே வந்ததும் த்ராட்டிலைத் திருகினால் 390 அந்த இழப்பை நேர்ச்சாலையில் ஈடுகட்டிவிடும். ஓட்டுபவருக்குத் தான் தவறு செய்தது தெரியவே தெரியாது. ஆர்15 அப்படி மன்னிக்காது. வளைவில் விட்ட 5 கிலோமீட்டர் வேகம் அடுத்த வளைவு வரை உங்கள் கைக்குத் திரும்பாது என்பதால், எங்கே தவறினோம் என்பதை ஒவ்வொரு சுற்றும் வண்டியே சொல்லிக்கொடுக்கும். பிரேக் பிடிக்கும் இடத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள்: நேர்ச்சாலையின் முடிவில் சின்ன வண்டி 130-இலும் பெரியது 160-இலும் வருவதாகக் கொண்டால், எடையையும் சேர்த்து, பெரிய வண்டியின் பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 1.7 மடங்கு. பிரேக் பட்டையும் டயரும் அதற்கேற்ப வேகமாகத் தேயும். உங்கள் துணிச்சலும் அதற்கேற்பத் தேவைப்படும்.

மூன்றாவது காரணம் உடன் ஓடுபவர்கள். தேசியப் போட்டியில் 301 முதல் 400 சிசி வரையிலான ஓப்பன் வகுப்பு, ஜெகன் குமார், ரஜினி கிருஷ்ணன் போன்ற தேசிய சாம்பியன்கள் பந்தய அணிகளின் வண்டிகளில் மோதிய வகுப்பு. அதில் முதல் ஆண்டுக்காரர் நுழைந்தால், இரண்டாவது சுற்றுக்குள் தனியாகிவிடுவார். அதன் பிறகு நீலக்கொடி காட்டும்போது ஒதுங்கி வழிவிடுவதைத் தவிர வேறு எதையும் கற்க வாய்ப்பில்லை. ஆர்15 போன்ற சின்ன வண்டிகள் ஓடும், புதியவர்களுக்கான 165 சிசி நோவிஸ் வகுப்பில் உங்களைப் போன்றவர்கள் கூட்டமாக ஓடுவார்கள். உள்ளே புகுவதும், புகவிடாமல் கோட்டைக் காப்பதும், ஒருவர் பின்னால் ஒட்டி ஓடிக் காற்றுத் தடையைக் குறைத்துக்கொள்வதும் அந்தக் கூட்டத்தில்தான் பழகும். பதினெட்டாம் இடத்துக்கு ஐந்து பேர் முட்டிக்கொள்ளும் பந்தயம், தனியாக ஓடி வாங்கும் ஏழாம் இடத்தைவிட எனக்கு மேலானது.

ஆகவே இப்போதைக்கு எதையும் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். பந்தயம் இல்லாத டிராக் நாட்களில் இரண்டுக்குப் பணம் கட்டி, உங்கள் 390-ஐயே நிதானமாக ஓட்டிப் பாருங்கள், இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டரில் 12 வளைவுகள், செட்டிபாளையம் அதைவிடச் சிறிய சுற்று. பிறகு பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்து, இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.-யின் போட்டி உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். அதற்குப் பின்னும் ஆசை குறையவில்லை என்றால் வண்டியைப் பற்றி யோசிக்கலாம். சொந்தமாக வாங்காமல் ஒரே மாதிரி வண்டிகளில் நடக்கும் போட்டிக்கும் முயலலாம்: டி.வி.எஸ். 1994 முதல் அப்படியொரு தொடரை நடத்துகிறது, ராயல் என்ஃபீல்டு 2021-இல் கான்டினென்டல் ஜி.டி. 650 கோப்பையைத் தொடங்கியது. சுற்று நேரத்தை அளந்து ஆள் தேர்ந்தெடுப்பார்கள். வண்டியை நிறுவனமே தயார் செய்து தரும். விழுந்தால் சேதத்துக்கு யார் பணம் கட்டுவது என்பதை மட்டும் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஸ்டாக், புரோ-ஸ்டாக், ஓப்பன், நோவிஸ் என்று வகுப்புகளுக்கு ஏன் இத்தனை பெயர்? பழைய பந்தய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– ஓசூர் வாசகர்

பதில்: பெயர்கள் இரண்டு வகை. நோவிஸ், ஓப்பன் என்பவை ஓட்டுபவரைப் பற்றியவை: ஒன்று அனுபவம் குறைந்தவருக்கு, மற்றொன்று எல்லோருக்கும். ஸ்டாக், புரோ-ஸ்டாக் என்பவை வண்டியைப் பற்றியவை. ஸ்டாக்கில் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்க வேண்டும். விளக்கு, கண்ணாடி, ஸ்டாண்டு ஆகியவற்றைக் கழற்றுவது போன்ற பாதுகாப்பு மாற்றங்களே உண்டு. புரோ-ஸ்டாக்கில் விதிப் புத்தகம் பட்டியலிட்டுச் சொல்லும் பாகங்களை மாற்றிக்கொள்ளலாம். பட்டியலில் இல்லாதது எதுவாக இருந்தாலும் தடைதான்; ‘கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?’ என்ற வாதம் சோதனை மேசையில் எடுபடாது. வகுப்புகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், அந்த ஆண்டுக்கான விதிகளைப் படித்த பிறகே வண்டிக்கு முன்பணம் கொடுங்கள்.

இதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 155 சிசி வண்டி ஒன்றை, ஏற்கெனவே பந்தயம் ஓடியது என்ற ஒரே நம்பிக்கையில், சிலிண்டரை அளந்து பார்க்காமல் வாங்கினேன். அந்த இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 58 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 58.7. முன்பு வைத்திருந்தவர் துளையைச் சரியாக 60 மில்லிமீட்டருக்குக் கடைந்திருந்தார். கணக்கிட்டால் 165.97 சிசி, வகுப்பின் வரம்பு 165. பந்தயம் முடிந்து இன்ஜினின் தலைப்பகுதியைக் கழற்றியபோது அதிகாரி கேலிப்பரை வைத்து அளந்தார், ஒருமுறை அல்ல, மூன்று முறை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையை அசைத்தார். 59.8-இல் நிறுத்தியிருந்தால் 164.9 சிசி, உள்ளே வந்திருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்காக அன்றைய முடிவு ரத்தானது. விற்றவர் மீது எனக்குக் கோபமில்லை. அளக்காதது என் குற்றம்.

ஆக, முதலில் சிலிண்டரை அளக்கச் சொல்லுங்கள். அடுத்து ஹேண்டிலை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பி, சேஸிஸின் கழுத்துப் பகுதியில் உள்ள தடுப்பு முட்டுகளைப் பாருங்கள். அவை நசுங்கியோ உடைந்தோ இருந்தால் வண்டி பலமாக உருண்டிருக்கிறது என்று அர்த்தம், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். வெளி உறையான ஃபேரிங்கில் இருக்கும் கீறலுக்கு அஞ்ச வேண்டாம். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அஞ்சுங்கள். தடத்தில் ஆர்.சி. புத்தகத்தை யாரும் கேட்க மாட்டார்கள் என்றாலும், அதிலுள்ள இன்ஜின், சேஸிஸ் எண்களை ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள். திருட்டு வண்டிகள் ஒளிய இதைவிட நல்ல இடம் கிடையாது.

கேள்வி: என் எடை 82 கிலோ. 165 சிசி வகுப்பில் ஒல்லியான பையன்களோடு என்னால் போட்டியிட முடியுமா? பெரிய வகுப்புக்கே போய்விடட்டுமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: உடை, ஹெல்மெட்டுக்கு 8 கிலோ சேர்த்தால் நீங்கள் 90, 60 கிலோ பையன் 68. ஆர்15-இல் அவனுடைய மொத்தம் 210, உங்களுடையது 232, அதாவது பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். 200 கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள கான்டினென்டல் ஜி.டி. 650-இல் இதே கணக்கைப் போட்டால் எட்டு சதவீதம். இந்த இரண்டு சதவீத வித்தியாசத்துக்காகக் கற்க வேண்டிய வகுப்பைத் தாண்டிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நேர்ச்சாலையில் அவன் உங்களை முந்துவான். முதல் ஆண்டில் உங்கள் நேரம் போவது நேர்ச்சாலையில் அல்ல, வளைவில்தான். உடனே செய்ய வேண்டியது வேறு: வண்டியோடு வரும் ஸ்பிரிங்குகள் உங்கள் எடைக்கு மென்மையானவை. விதி அனுமதித்தால் பின்புறம் கடினமான ஸ்பிரிங் போட்டு, நீங்கள் முழு உடையில் அமரும்போது பின்பகுதி 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை மட்டுமே இறங்குமாறு வையுங்கள். அதற்கு மேல் அமிழ்ந்தால் வண்டி வளைவில் உங்கள் பேச்சைக் கேட்காமல் வெளிப்புறமாக விலகும்.

கேள்வி: என் உயரம் 5 அடி 1 அங்குலம். பெண்களுக்கான வகுப்பில் சேர்வதா, பொது வகுப்பிலா?
– மதுரை வாசகி

பதில்: தேசியப் போட்டியில் பெண்களுக்கென ஸ்டாக் 165 சிசி வகுப்பு நடந்து வருகிறது, அதில் தொடங்கி, உங்கள் சுற்று நேரம் நோவிஸ் வகுப்பின் நடுப்பகுதிக்கு வந்தவுடன் அதிலும் பெயர் கொடுங்கள். இரண்டிலும் ஒரே வண்டி ஓடும் என்றால் செலவு அதிகம் ஏறாது. உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: தடத்தில் கால் தரையில் படுவது புறப்படும்போது மட்டும்தான். கவலைப்பட வேண்டியது தோல் உடையையும் கையுறையையும் பற்றி. தளர்வான உடை விழும்போது சுழன்று, முழங்கைப் பட்டையை முழங்கையிலிருந்து நகர்த்திவிடும். ஆண்களின் அளவில் சிறியதை வாங்கிச் சமாளிக்காமல், அளவெடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் மிச்சம் பிடித்தாவது இதற்குச் செலவிடுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு வயது 15. பந்தயத்தில் சேர்க்கச் சொல்லி அடம் பிடிக்கிறான். சாலையில் ஓட்ட உரிமம் இல்லாதவனைத் தடத்தில் விடலாமா?
– செங்கல்பட்டிலிருந்து ஒரு தாய்

பதில்: சாலை உரிமமும் போட்டி உரிமமும் வெவ்வேறு, பெற்றோர் கையெழுத்தோடு சிறுவர்கள் தடத்தில் ஓட வழி இருக்கிறது. ஆனால் அந்தக் கையெழுத்தைப் போடுபவர் நீங்கள் என்பதால், எதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசியப் போட்டியில், பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்தான். உலக அளவில் 2021-இல் பதின்வயது வீரர்கள் மூவர் அடுத்தடுத்து இறந்த பின்னர், மோட்டோ ஜி.பி. உலகப் போட்டிகளில் சேரும் வயது 2023 முதல் 18 ஆக உயர்த்தப்பட்டது. இவர்களில் பலரும் ஒரே விதமாக மாண்டார்கள்: நெருக்கமாக ஓடும் கூட்டத்தின் நடுவே விழுந்து, பின்னால் வந்த வண்டியில் அடிபட்டு. உடையும் ஹெல்மெட்டும் அதற்குப் போதுமான கவசம் அல்ல.

எனவே இந்த ஆண்டு அவனைக் கூட்டப் பந்தயத்தில் விட வேண்டாம் என்பது என் கருத்து. சிறு பந்தயக் கார்கள் ஓடும் கார்ட்டிங் தடங்களில் சிறிய மோட்டார் சைக்கிள்களில் பயிற்சி தரும் இடம் இருந்தால் சேருங்கள். வாலன்டினோ ரோஸி போன்ற உலக சாம்பியன்கள் அப்படிப்பட்ட மினி மோட்டோ வண்டிகளில்தான் வளர்ந்தார்கள். வேகம் குறைவு, வளைவுகள் அதிகம், விழுந்தால் பெரும்பாலும் எழுந்து நடக்கலாம். பயிற்சியாளரிடம் போகும் முதல் நாளில் எத்தனை கோப்பை வென்றவர் என்று கேட்காதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகளைத் தடத்தில் விடுகிறார், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது, சிவப்புக் கொடி காட்டப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை அங்கே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வரவில்லை என்றால் மகனை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.