மோட்டார் ஸ்டார்ட்டருக்கு எந்தப் பாதுகாப்பு மென்பொருள்?

கேள்வி: கோவை கணபதியில், செல்போனில் இயக்கும் போர்வெல் ஸ்டார்ட்டர் தயாரிக்கிறோம். பெட்டிக்கும் சர்வருக்கும் இடையே போகும் தகவலைக் குறியாக்கம் செய்யும் மென்பொருளுக்கு, பெட்டிக்கு இவ்வளவு என்று ஒரு நிறுவனம் உரிமத்தொகை கேட்கிறது. இலவசமான திறமூல (ஓபன் சோர்ஸ்) மென்பொருளே போதும் என்கிறார் எங்கள் பொறியாளர். எதை எடுப்பது?

பதில்: பொறியாளர் சொல்வதே சரி. ஆனால் காசு மிச்சம் என்பதற்காக மட்டும் அந்த முடிவுக்கு வராதீர்கள்.

ஓட்டை இரண்டு பக்கமும் உண்டு. 2014-இல் தெரியவந்த ஹார்ட்பிளீட் என்ற பிழை, திறமூலக் குறியாக்க மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல்லில் இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2020-இல் வெளியான ரிப்பிள்20, டிரெக் நிறுவனம் விலைக்கு விற்ற நெட்வொர்க் மென்பொருளில் இருந்த 19 பிழைகள்.

என் கவலை வேறு. ஆறு வருடம் கழித்து ஒரு பிழை தெரியவந்தால், ஆனைமலைத் தோப்பில் மாட்டியிருக்கும் பெட்டிக்குத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இப்படியொரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். போர்டில் சீரியல் பின்கள், அதாவது கணினியை நேரடியாக இணைக்கும் முனைகள், பூட்டின்றி நின்றன. லேப்டாப்பை இணைத்து மின்சாரம் கொடுத்ததும் சர்வரின் கடவுச்சொல் திரையில் ஓடியது. பக்கத்துத் தோட்டத்துப் பெட்டியிலும் அதே கடவுச்சொல். உள்ளே இருந்ததோ விலை கொடுத்து வாங்கிய குறியாக்க மென்பொருள்! யாரோ ஒருவன் நடுராத்திரியில் மோட்டாரைப் போட்டுவிட்டால், தண்ணீர் வற்றிய போரில் காயில் கருகிவிடும். மோட்டாரை மேலே தூக்கி ரீவைண்டிங் செய்யும் செலவு விவசாயியின் தலையில்தான் விழும்.

எம்பெட் டிஎல்எஸ் என்ற திறமூலக் குறியாக்க மென்பொருளை எடுங்கள். அப்பாச்சி 2.0 உரிமம் என்பதால் உங்கள் மூலநிரலை (சோர்ஸ் கோடு) வெளியிட வேண்டியதில்லை. நீண்டகால ஆதரவுள்ள பதிப்பாகப் பார்த்து எடுங்கள். இதே வேலையைச் செய்யும் உல்ஃப்எஸ்எஸ்எல்லும் தரமானதுதான், ஆனால் அதை இலவசமாக எடுத்தால் ஜிபிஎல் உரிமம் வரும், உங்கள் மூலநிரலையும் கொடுக்க நேரும்.

மிச்சமாகும் தொகையை இதற்குச் செலவிடுங்கள்: ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தனிக் குறியாக்கச் சாவி, டிஜிட்டல் கையொப்பம் சரிபார்த்த பிறகே ஏறும் அப்டேட், பூட்டிய சீரியல் போர்ட். பாதுகாப்பு அறிவிப்புகளை வாராவாரம் படிக்க ஓர் ஆளையும் பொறுப்பாக்குங்கள். அந்த ஆள் இல்லையென்றால் திறமூலத்தைத் தொடாதீர்கள். வணிக மென்பொருளே மேல்.

அமெரிக்க அரசுத் துறைக்கு விற்பதென்றாலும் கணக்கு மாறும். அங்கே குறியாக்கத்துக்கான அரசுத் தரநிலையான ஃபிப்ஸ் 140 சான்று கேட்பார்கள், சான்று பெற்ற மென்பொருளை விலைக்கு வாங்குவதே எளிது. அப்போதும் கையெழுத்திடும் முன், எத்தனை ஆண்டுகள் திருத்தம் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.