பிரிஸ்டலில் சைக்கிள்: கேளுங்கள், சொல்கிறேன்

ஒன்பது வருடமாக இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். வந்த கேள்விகளில் அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில்.

கே: அண்ணா, செப்டம்பரில் எம்.எஸ்சி. படிக்க வருகிறேன். கையில் காசு குறைவு. புதுசா, பழசா?

பழசுதான் தம்பி. ஸ்டோக்ஸ் கிராஃப்ட் பக்கம் 'பிரிஸ்டல் பைக் புராஜெக்ட்' என்ற கூட்டுறவு அமைப்பு இருக்கிறது. தானமாக வரும் சைக்கிள்களைப் பழுது பார்த்து விற்கிறார்கள். அங்கே முதலில் பாருங்கள்.

எங்கே வாங்கினாலும் பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத்தின் (ஃப்ரீவீல்) பற்களைக் குனிந்து பாருங்கள். சுறாப் பல் மாதிரி கூராகத் தேய்ந்திருந்தால் வேண்டாம். என் முதல் சைக்கிளில் செயின் மட்டும் பளபளவென்று புதுசாக இருந்தது, நானும் மயங்கிவிட்டேன். தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது. மூன்றாம் நாளே பார்க் ஸ்ட்ரீட் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது 'டக்'கென்று வழுக்கி, முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. கடைப் பெயர் வேண்டாம், விடுங்கள்.

கே: வீட்டிலிருந்து ஆபீஸ் மூன்றே கிலோமீட்டர். கீர் இல்லாத சைக்கிள் போதாதா?

தூரத்தைப் பார்க்காதீர்கள், மேட்டைப் பாருங்கள். டாட்டர்டவுனில் வேல் ஸ்ட்ரீட் என்று ஒன்று இருக்கிறது. ஈஸ்டர் ஞாயிறன்று முட்டையை உருட்டிவிட்டுப் போட்டி நடத்துகிற அளவுக்குச் செங்குத்து! ஆற்றோரமாகவே போய்வந்தால் கீர் இல்லாமல் சமாளிக்கலாம். கிளிஃப்டன், கோத்தம் போன்ற மேட்டுப் பகுதிகள் என்றால் பாதி நாள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவீர்கள்.

கே: மனைவி, ஒன்பது வயது மகளோடு பக்கத்து ஊரான பாத் வரை சைக்கிளில் போக முடியுமா?

முடியும். இரண்டு ஊர்களையும் இணைக்கும் சைக்கிள் பாதை இருக்கிறது, இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த பாதை அது. பழைய ரயில் தடத்தின் மேல் 1979 முதல் 1986 வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார்கள். மொத்தம் 13 மைல், கார் தொல்லை கிடையாது. ரயிலுக்குப் போட்ட தடம் என்பதால் செங்குத்தான ஏற்றமே இல்லை. ஆனால் சமதளம் என்று நம்பிவிட வேண்டாம். பிரிஸ்டலிலிருந்து ஸ்டேப்பிள் ஹில் சுரங்கம் வரை மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். அப்புறம் பாத் பக்கம் இறக்கம். போகும்போது சுகமாக இருந்தது திரும்பும்போது காலைப் பிடிக்கும்.

அதனால் முதல் தடவை பிட்டன் வரை போதும், ஏறக்குறைய பாதி வழி. பழைய ஸ்டேஷனில் நீராவி எஞ்சின்கள் நிற்கும், மகள் அங்கிருந்து கிளம்ப மாட்டாள். பாத் வரை போய்விட்டு ரயிலில் திரும்ப நினைத்தால், சைக்கிளுக்கு இடம் முன்பதிவு செய்ய வேண்டுமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். வேலை நாள் காலையில் போகாதீர்கள், அலுவலகம் போகிறவர்கள் பறப்பார்கள்.

கே: துறைமுகப் பக்கம் விழுந்து கையை உடைத்துக்கொண்டதாக ஒரு நண்பர் சொன்னார். அவ்வளவு ஆபத்தா?

எம் ஷெட் அருங்காட்சியகத்தின் முன்னால் பழைய ரயில் தண்டவாளங்கள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. சைக்கிள் டயர் அந்தப் பள்ளத்துக்குள் அளவெடுத்தாற்போல் இறங்கிவிடும். முடிந்தவரை நேர்க்குறுக்காகக் கடந்து போங்கள். மழை நாளில் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கே: எந்தப் பூட்டு நல்லது?

கம்பிவடப் பூட்டு வேண்டவே வேண்டாம், கட்டர் வைத்தால் நொடியில் போய்விடும். பூட்டுகளைச் சோதித்துத் தரச்சான்று தரும் 'சோல்ட் செக்யூர்' அமைப்பின் கோல்டு முத்திரை உள்ள டி-லாக் (D வடிவ இரும்புப் பூட்டு) வாங்கி, ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்துக் கம்பத்தில் பூட்டுங்கள். ஃபிரேம் எண்ணை 'பைக்ரெஜிஸ்டர்' தளத்தில் பதிந்து வையுங்கள்.

கே: மின்சார சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா? ஹெல்மெட்?

மோட்டார் 250 வாட்டுக்குள், மணிக்கு 15.5 மைலில் உதவி நின்றுவிட வேண்டும், ஓட்டுபவருக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். அப்படியென்றால் லைசென்ஸ் வேண்டாம். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, நான் போடுகிறேன். இருட்டினால் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம்.

கே: பாத் பாதை பழகிவிட்டது. அடுத்து?

பாத் ஊரிலேயே 'டூ டனல்ஸ்' பாதை, 2013-இல் திறந்தது. அதில் கூம் டவுன் சுரங்கம் மட்டும் ஒரு மைலுக்கு மேல். நடுவில் போகும்போது சுவரிலிருந்து இசை கேட்கும். ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், உள்ளே குளிரும்.