குடம் மட்டும் காற்றில் தொங்குகிறதே!

கேள்வி: அண்ணா, யூனிட்டி என்கிற கேம் செய்யும் மென்பொருளில் சின்னதாக ஒரு கேம் செய்கிறேன். தைப்பூசத்துக்குக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துப் போகும் பையன்தான் ஹீரோ. ஓடுவது, குதிப்பது, அடி வாங்குவது எல்லாம் தனித்தனி காம்பொனென்ட், அதாவது தனித்தனிக் கோட் துண்டு. குதிக்கும்போது அடி பட்டால் பையன் விழுந்துவிடுகிறான், குடம் அப்படியே காற்றில் தொங்குகிறது. ஒவ்வொரு பக்குக்கும் (பிழைக்கும்) ஒரு பூலியன் (ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் மாறி) சேர்த்துச் சேர்த்து இப்போது ஆறு ஆகிவிட்டது. எங்கே தப்பு?
- வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அந்த ஆறு பூலியனில்தான் தம்பி. ஆறு இருந்தால் 64 சேர்க்கை வரும். உங்கள் பையனுக்கு நிஜமாகத் தேவைப்படுவது நிற்பது, ஓடுவது, குதிப்பது, விழுவது, அடிபட்டுக் கிடப்பது என்று ஐந்தாறு நிலைதான். மீதியெல்லாம் தரையில் நின்றுகொண்டே குதிக்கிறான் என்கிற மாதிரி வரவே கூடாதவை, ஆனால் உங்கள் கோட் அவற்றுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

பூலியன்களை எடுத்துவிட்டு ஒரே ஒரு ஈனம் (enum) வையுங்கள், பட்டியலில் உள்ள நிலைகளில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் வைத்திருக்கும் மாறி அது. அதை மாற்றும் உரிமை ஒரே ஒரு காம்பொனென்டுக்குத்தான். இதுதான் முக்கியம், காம்பொனென்டாகப் பிரித்து எழுதுகிற பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். உயிர் காம்பொனென்ட் "அடி பட்டது" என்று சொல்லட்டும், அதோடு அதன் வேலை முடிந்தது. இயக்க காம்பொனென்ட் "குதிக்கக் கேட்கிறார்கள்" என்று சொல்லட்டும். இரண்டும் ஒரே ஃபிரேமில் (திரையில் ஒரு படம் மாறும் நேரத்தில்) வந்தால் என்ன செய்வது என்பதை ஈனமை மாற்றும் அந்த ஸ்டேட் காம்பொனென்ட் மட்டும் முடிவு செய்யும்: முதலில் சாவு, அப்புறம் அடி, அப்புறம்தான் குதிப்பு. இப்போது உங்கள் கேமில் யாருடைய அப்டேட் (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓடும் ஃபங்ஷன்) கடைசியாக ஓடுகிறதோ அவர் சொன்னதுதான் நிற்கிறது, அந்த வரிசையை நீங்களாக செட்டிங்கில் குறிக்காவிட்டால் அதை நம்பி எழுத முடியாது.

சரி, குடம். அதை இந்த ஈனமுக்குள் கொண்டுவராதீர்கள். குடத்தோடு ஓடுவது, குடமில்லாமல் ஓடுவது என்று எழுத ஆரம்பித்தால் பட்டியல் இரட்டிப்பாகிவிடும். கையில் என்ன இருக்கிறது என்பதற்குத் தனியாக இன்னொரு சின்ன ஸ்டேட் மெஷின் (இப்படி ஒரு நேரத்தில் ஒரே நிலையில் இருக்கும் அமைப்பு) போதும், வெறுங்கை, குடம், அவ்வளவுதான். ஒவ்வொரு நிலைக்கும் நுழையும்போது ஓடுவது, வெளியேறும்போது ஓடுவது என்று இரண்டு ஃபங்ஷன் எழுதுங்கள். குடத்தைத் தலையிலிருந்து கழற்றி யூனிட்டியின் இயற்பியலிடம் (பொருள்கள் விழுவதைக் கணக்கிடும் பகுதியிடம்) ஒப்படைக்கும் வரி, குடம் நிலையின் வெளியேறும் ஃபங்ஷனில் இருக்க வேண்டும். அடிபட்டு வந்தாலும் சரி, வழுக்கி விழுந்து வந்தாலும் சரி, அந்த வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். நீங்கள் கழற்றும் வரியை விழுகிற கோடில் மட்டும் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அடி வேறு வழியாக வந்ததும் அது ஓடவே இல்லை.

யூனிட்டியில் அனிமேஷனை ஓட்டும் அனிமேட்டரிலும் ஒரு ஸ்டேட் மெஷின் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரு அனிமேஷனிலிருந்து அடுத்ததற்கு மெதுவாகக் கலந்து மாறும் நேரத்தில் அது பழைய நிலையையே சொல்லிக்கொண்டிருக்கும். அது உங்கள் ஈனமைப் பார்த்துப் படம் காட்டட்டும், போதும்.

ஒவ்வொரு நிலைக்கும் தனி கிளாஸ் (class) எழுதச் சொல்லி உங்களிடம் யாராவது சொல்வார்கள். ஐந்தாறு நிலைக்கு, எந்த நிலை என்று பார்த்து அதற்கான வரிகளை ஓட்டும் ஒரு ஸ்விட்ச் தாராளம். இன்று ராத்திரியே பையனின் தலைக்கு மேலே இரண்டு ஸ்டேட்டின் பெயரையும் எழுத்தாகக் காட்டிவிட்டு விளையாடிப் பாருங்கள், குடம் தொங்கும் அந்த நொடியில் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.