லேசருக்கு முன்னால் கசக்குவதை நிறுத்துங்கள்

கேள்வி: எனக்கு வயது 23. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நாள் முழுக்க கம்ப்யூட்டர்தான். எட்டாவது படிக்கும்போது போட்ட கண்ணாடி. போன வருடம் இடது கண்ணுக்கு மைனஸ் 4.75, சிலிண்டர் 0.5. இந்த வருடம் மைனஸ் 5.5, சிலிண்டர் 1.25. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். தை மாதத்துக்குள் லேசர் செய்து கண்ணாடியை எடுத்துவிடலாம் என்கிறார் அம்மா. ஆனால் லேசர் பட்டால் கண் வெந்துவிடுமோ என்று அவருக்கும் பயம். ஓர் இடத்தில் விசாரித்தோம். கார்னியா தடிமன் 525 இருக்கிறது, பத்து நிமிட வேலை, அடுத்த வாரமே செய்யலாம் என்றார்கள். பஞ்சுத் தூசியோ என்னவோ, சாயங்காலமானால் கண் அரிப்பு தாங்காது. மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டால் உடனே அடங்கிவிடும். லேசர் செய்தால் பார்வை போய்விடுமா? பவர் மறுபடி வருமா? 9 வயதுத் தம்பிக்கும் இப்போது மைனஸ் 1.5 வந்துவிட்டது. அவனுக்காவது ஏறாமல் தடுக்க முடியுமா?

பதில்: நீங்கள் கேட்டது லேசரைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்களைப் படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. 23 வயதிலும் பவர் ஏறிக்கொண்டிருக்கிறது. சிலிண்டர், அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்யும் பவர், ஒரே வருடத்தில் முக்கால் கூடியிருக்கிறது. தினமும் அரிப்பு, அரித்தால் கசக்காமல் யாராலும் இருக்க முடியாது. இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது கருவிழியின் வடிவத்தை. லேசருக்குத் தேதி குறிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அடுத்த வாரம் வேண்டாம். தைக்குள்ளும் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். கார்னியா, அதாவது கருவிழி என்பது கைக்கடிகாரத்தின் மேல்கண்ணாடி மாதிரி கண்ணுக்கு முன்னால் வளைந்து நிற்கும் படலம். நடுவில் அதன் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சிலருக்கு இளவயதில் இது ஓரிடத்தில் மெலிந்து, கூம்பு போல முன்னால் பிதுங்க ஆரம்பிக்கும். கெரட்டோகோனஸ் என்று பெயர். வலிக்காது, சிவக்காது. பவர் மாறிக்கொண்டே இருக்கும், சிலிண்டர் கூடும், புதுக் கண்ணாடி போட்டாலும் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும். ஆரம்பத்தில் இதற்கு மேல் எதுவும் தெரியாது. கண்ணை அழுத்திக் கசக்கும் பழக்கம் இருந்தால் இது வேகமாக வளரும். ஏற்கெனவே பலவீனமான அந்தப் படலத்தை லேசரால் மேலும் மெலிதாக்கினால் அது இன்னும் பிதுங்கும். சிலருக்குக் கடைசியில் கருவிழி மாற்று ஆபரேஷன் வரைக்கும் போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் லேசர் செய்யச் சொல்லி வந்தார். என் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோதே கவனித்தேன். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, இரண்டு ஆள்காட்டி விரல் முட்டிகளையும் கண்ணுக்குள் வைத்துக் குடைந்து குடைந்து கசக்கினார். தடிமன் 510. எண்ணை மட்டும் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கார்னியாவின் வடிவத்தைப் படமாக எடுத்தோம். அது மலைகளும் பள்ளங்களும் வரைந்த தேசப்படம் மாதிரி வண்ண வண்ணமாக வரும். பச்சை, மஞ்சளுக்கு நடுவே கீழ்ப்பக்கத்தில் சிவப்பாக ஒரு திட்டு. அதைக் காட்டி, "இந்த இடம் பிதுங்குகிறது, தம்பி" என்றதும் அவருடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். லேசர் செய்யவில்லை. ரைபோஃபிளேவின் என்னும் வைட்டமின் பி2 சொட்டை விட்டு, புற ஊதா ஒளி காட்டி, கார்னியாவைக் கெட்டியாக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சையைச் செய்தோம். இன்றும் அவர் கண்ணாடி போடுகிறார். பவர் அதே இடத்தில் நிற்கிறது.

உங்களுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. இருக்காமலும் போகலாம். ஆனால் படம் எடுத்துப் பார்க்காமல் அதை யாராலும் சொல்ல முடியாது. வெறும் தடிமன் எண் போதாது. பென்டாகேம் மாதிரியான கருவியில் கார்னியாவின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணைத் தொட மாட்டார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவராக இருந்தால் சாஃப்ட் லென்ஸை ஒன்றிரண்டு வாரம், கெட்டியான லென்ஸை மூன்று நான்கு வாரம் முன்பே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் படம் தப்பாகக் காட்டும். உங்கள் பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள்.

சரி, படம் நன்றாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். ஒரு வருடத்தில் பவர் மாற்றம் அரைக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. உங்களுக்கு முக்கால் போயிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பவரை இன்று சரிசெய்தால், இரண்டு வருடத்தில் மறுபடி கண்ணாடிக் கடைக்குத்தான் போவீர்கள். "பவர் மறுபடி வருமா" என்று கேட்டீர்களே, வருவதற்கு முக்கியமான காரணம் இந்த அவசரம்தான். நின்றுபோன பவரிலும், அதிகமாக இருந்தவர்களுக்குக் கொஞ்சம் திரும்புவது உண்டு.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். இந்த லேசர் கண்ணை வேகவைக்காது. அது பக்கத்துத் திசுவைக் கருக்காமல் செதுக்கும் என்பதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். ரங்கசாமி சீனிவாசன் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானியாக இருந்தவர். 1981 நவம்பரில், அந்த ஊர்ப் பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் எக்சைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். லேசர் பட்ட இடம் கத்தியால் வெட்டியதைவிடச் சுத்தமாகச் செதுக்கப்பட்டது. பக்கத்துச் சதை கருகவில்லை. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தக் கதிர், திசுவின் மூலக்கூறுப் பிணைப்பையே அறுத்து ஆவியாக்கிவிடுகிறது. பிறகு ஸ்டீபன் ட்ரோக்கெல் என்ற கண் மருத்துவர் அவரோடு சேர்ந்து, 1983ல் இதைக் கார்னியாவுக்குக் கொண்டுவந்தார். லேசர் ஓடும் நேரத்தில் முடி கருகுவது போல ஒரு வாடை வரும். கண் எரிகிறதோ என்று பலர் திடுக்கிடுவார்கள். திசு ஆவியாகும் வாடைதான் அது.

லாசிக் என்னும் லேசர் முறையில் கார்னியாவின் மேலே சுமார் 110 மைக்ரானுக்கு ஓர் ஏடு எடுத்து, புத்தகப் பக்கம் மாதிரி மடித்து வைப்பார்கள். அடியில் உள்ளதைச் செதுக்கிவிட்டு ஏட்டை மூடுவார்கள். ஒரு பவருக்கு ஏறக்குறைய 14 மைக்ரான் கரையும். உங்கள் இடது கண்ணில் சிலிண்டரையும் சேர்த்தால் 6.75 பவர், கிட்டத்தட்ட 95 மைக்ரான். 525ல் ஏட்டுக்கு 110, செதுக்க 95 போனால் மிச்சம் 320. அடியில் 300க்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும் என்று பார்ப்பவன் நான். அந்த வகையில் உங்களுக்குத் தேறும். ஆனால் பவர் இன்னும் ஒன்றரை ஏறினால் தேறாது. 480 மைக்ரான் உள்ளவர் இதே பவரோடு வந்தால் இன்றைக்கே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். ஏடு எடுக்காமல் மேல்தோலை மட்டும் நீக்கிச் செய்யும் பிஆர்கே, சின்னத் துளை வழியாக உள்ளிருந்து ஒரு வில்லையை உருவி எடுக்கும் ஸ்மைல், கார்னியாவைச் செதுக்காமல் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஐசிஎல் என்று வேறு வழிகளும் உண்டு. எது பொருந்தும் என்பதை உங்கள் கருவிழிப் படம்தான் சொல்லும்.

பார்வை போய்விடுமா? தகுதியான கண்ணைத் தேர்ந்து ஒழுங்காகச் செய்தால், அது மிக மிக அபூர்வம். அடிக்கடி வருவது கண் உலர்ச்சியும், இரவில் விளக்குகளைச் சுற்றித் தெரியும் வளையமும். கார்னியாவின் நரம்புகள் வெட்டுப்படுவதால் சில மாதங்கள் கண்ணீர் குறைவாகச் சுரக்கும். உங்கள் வேலைக்கு இது சின்ன விஷயம் இல்லை. நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதி கூட இமைப்பதில்லை. இப்போதே 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 20 விநாடி ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், வேண்டுமென்றே முழுசாக இமைத்து மூடுங்கள். நீல ஒளி தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கண் களைப்பு அதனால் குறைவதாக நிரூபணமாகவில்லை.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். லேசர் கண்ணாடியை எடுக்கும், கிட்டப்பார்வையை எடுக்காது. உங்கள் கண்பந்து நீளமாக வளர்ந்ததால்தான் இந்த மைனஸ். லேசருக்குப் பிறகும் அது அதே நீளம்தான், பின்னால் விழித்திரை இழுபட்டு மெலிந்தே இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை சொட்டு விட்டுக் கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் திடீரென மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறந்தாலோ, ஒரு பக்கம் திரை இறங்கியது போலிருந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். 40 தாண்டினால் எல்லோரையும் போல வெள்ளெழுத்தும் வரும். கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் பவர் ஆடும் என்பதால் அந்தக் காலத்தில் லேசர் செய்ய மாட்டோம். என்றாவது செய்துகொண்டால், செய்வதற்கு முன் எடுத்த அளவுகளைப் பத்திரப்படுத்துங்கள். வயதான பின் கண்புரை ஆபரேஷனுக்கு லென்ஸ் கணக்கிடும்போது அந்தத் தாள் கேட்கப்படும்.

அந்த மெடிக்கல் சொட்டு மருந்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன் இவற்றில் ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பு உடனே அடங்குவது அதனால்தான். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறி நரம்பு கெடும், புரை வரும். பாட்டிலோடு டாக்டரிடம் போய், அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு இல்லாத அலர்ஜி சொட்டு மருந்துகள் இருக்கின்றன. அரிக்கும்போது கைக்குட்டையைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய கண்மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். கை கண்ணுக்குப் போகவே கூடாது.

வரன் விஷயத்தில் நான் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றாலும், கண்ணாடி போட்ட போட்டோவையே கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு முகூர்த்த மாதத்துக்காகக் கருவிழியைச் செதுக்கக் கூடாது.

தம்பிக்கு நிறையவே செய்யலாம். தினமும் இரண்டு மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் விளையாடட்டும். கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில் நன்றாக நிரூபணமான வழி அதுதான், வந்தவனுக்கும் நல்லதுதான். கேரட் சாப்பிடட்டும், உடம்புக்கு நல்லது, ஆனால் பவர் குறையாது. கண்ணாடியைக் கழற்றி வைத்தால் பவர் குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், முழு பவரில் எப்போதும் போடட்டும். போனைப் படுத்துக்கொண்டு மூக்குக்கு அருகில் வைத்துப் பார்க்க விடாதீர்கள். மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு, இரவில் ஒரு துளி, பல குழந்தைகளுக்கு ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. அதை டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். நீங்கள் கருவிழிப் படம் எடுக்கப் போகும் அன்றைக்கே அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவனும் கண்ணைக் கசக்குகிறானா என்று இன்று சாயங்காலமே கவனியுங்கள்.