களிமண் கனிமங்கள்: கேட்டவையும் பதில்களும்

மார்த்தாண்டம்: கிணறு தோண்டும்போது வெட்டுக்கல்லுக்குக் கீழே வெள்ளைக் களி வந்தது. கயோலினைட்டா சார்?

இருக்கலாம். கயோலினைட் என்றால் சீனாக்களியின் முக்கியக் கனிமம். நம் பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்திலிருந்து பொட்டாசியத்தை மழை கரைத்துக்கொண்டு போனபின் மிஞ்சுவது பெரும்பாலும் அதுதான். ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். படிக அடுக்குகளின் இடைவெளியை அளக்கும் எக்ஸ்-கதிர் சோதனைதான் முடிவு சொல்லும்.

நாகர்கோவில், முதுகலை மாணவி: வண்டல்பாறை மாதிரியின் எக்ஸ்-கதிர் வரைபடத்தில் 14 ஆங்ஸ்ட்ராமில் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) உச்சம் வருகிறது. குளோரைட்டா, ஸ்மெக்டைட்டா?

நல்ல கேள்வி. இரண்டும் களிக் கனிமங்கள்; ஸ்மெக்டைட் உப்பும், குளோரைட் உப்பாது. முதலில் மாதிரியைச் சரியாகப் பிரித்தீர்களா? பாறையை மாவாக அரைக்காதீர்கள், படிகம் சிதைந்துவிடும். லேசாக நொறுக்கி, தண்ணீரில் கலக்கி நிற்க விடுங்கள். 2 மைக்ரானைவிட (மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிய துகள்கள் மேல் 5 செ.மீ.யைக் கடந்து இறங்க, 20 டிகிரியில் ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். நம் ஊரில் தண்ணீர் 30 டிகிரி இருந்தால் 3 மணி 10 நிமிடம் போதும். நுண்ணிய களி மட்டும் மிஞ்சும் அந்த மேல்தண்ணீரை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் ஊற்றிக் காயவிடுங்கள்.

அப்புறம் உப்பும் களியின் அடுக்குகளுக்குள் புகும் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தின் ஆவியில் ஓர் இரவு வையுங்கள். உச்சம் 17 ஆங்ஸ்ட்ராமுக்கு நகர்ந்தால் ஸ்மெக்டைட். நகராவிட்டால் 550 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுங்கள். 14 அப்படியே நின்றால் குளோரைட். கயோலினைட்டின் 7 ஆங்ஸ்ட்ராம் உச்சம் இந்தச் சூட்டில் மறைந்துவிடும். குளோரைட்டின் 7ம் மங்கும், அதனால் சுடுவதற்கு முன்பே 3.58 (கயோலினைட்), 3.54 (குளோரைட்) ஆங்ஸ்ட்ராம் உச்சங்கள் இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

குளச்சல்: மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலும் களிமண்தானா?

இல்லை. அது இல்மனைட், மோனசைட் முதலான கனமான கனிமங்கள் கொண்ட மணல்.

கருங்கல்: எங்கள் தோட்டத்திலும் வெள்ளை மண். கயோலினைட்டா?

மார்த்தாண்டத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். நிறத்தை நம்பாதீர்கள்.

தக்கலை: எங்கள் தாத்தா நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் சீனாக்களி. இதற்கு எதற்குக் கருவி?

தாத்தாவின் கைப்பழக்கத்தை மதிக்கிறேன். ஆனால் காய்ந்த களி நுண்துளைகளால் எச்சிலை உறிஞ்சுவதால்தான் ஒட்டுகிறது. எந்தக் களியும் ஒட்டும்.

தக்கலை, மீண்டும்: நாற்பது வருடம் தப்பவில்லையே!

அவர் தோண்டிய இடத்தில் கயோலினைட்தான் அதிகம், அதனால் தப்பவில்லை. கோவில்பட்டிக் கரிசலை நாக்கில் வைத்திருந்தால் அதுவும் ஒட்டியிருக்கும், அதில் இருப்பதோ ஸ்மெக்டைட்.

திங்கள்சந்தை: சார் சொல்வது சரி. எங்கள் குளத்துக் களியும் ஒட்டுகிறது. சாம்பல் நிறம்.

தக்கலை: வாயில் வைக்காமல் வீட்டில் எப்படிப் பார்ப்பது?

அப்படிக் கேளுங்கள்! இரண்டு டம்ளர் தண்ணீர். ஒன்றில் தாத்தாவின் களி, மற்றதில் கரிசல், காய்ந்த தூளாக ஒவ்வொரு ஸ்பூன், மெல்லத் தூவி ஒரு நாள் விடுங்கள். கரிசல் நன்றாக உப்பும், வெள்ளைக் களி அவ்வளவு உப்பாது. எந்தக் கனிமம் என்ற முடிவுக்கு இது போதாது, உப்பும் களியா இல்லையா என்று மட்டும் தெரியும். இரண்டின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள்.